கீழமடைக்கு வந்த டோர்லி ஆறு

சடையாறு மலையைவிட்டு இறங்கி, மேலமடை ஊரைத் தாண்டி, நூல் மில்லின் பெரிய தண்ணிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கீழமடைக்குப் போவது என்று ஐம்பது வருடமாக ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காரியம், ஒரு பங்குனி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மாறிப்போனது. சக்கரத்துக்குள் போன ஆறு ஒன்று, வெளியே வந்த ஆறு வேறொன்று. அதை முதலில் பார்த்தவன் மேலமடையைச் சேர்ந்த சக்கரக்காரன் கொம்பையா. பார்த்துவிட்டு, கையிலிருந்த கிரீஸை மதகுத் திருகில் முழுக்கத் தடவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் மறுபடியும் பார்த்தான். வேலையைப் பாதியில் விடுகிறவன் இல்லை அவன்.

மேலே கால்வாயில் சடையாறு எப்போதும்போலத் தெளிந்து, வெதுவெதுவென்று, மேலமடைக்காரர்கள் குளித்த சீயக்காய் நுரையைச் சுமந்துகொண்டு வந்து சக்கரத்தின் தட்டுகளில் விழுந்தது. கீழே சக்கரம் கொட்டிய தண்ணீரோ கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. கையை வைத்தால் விரல் மரத்தது. அதன்மேல் பனிப்புகை எழும்பி மில் சுவரெல்லாம் வேர்த்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளி மீன் அதிலிருந்து துள்ளி, ஓடுகிற சக்கரத்தின்மேல் ஏறப் பார்த்து, விழுந்து, மறுபடியும் ஏறப் பார்த்தது. "ஏலே, அடிபட்டுச் சாவாத, அங்கிட்டுப் போ" என்று கொம்பையா மீனை அதட்டினான். அந்த அதட்டல் மூன்று மாடி மில்லுக்கும் கேட்டது.

கொம்பையா எதைச் சொன்னாலும் மூன்று மாடிக்கும் கேட்கும். பத்தொன்பது வருடம் சக்கரத்தின் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்று பேசிய தொண்டை அது, மெல்லப் பேசுவது எப்படியென்றே அதற்கு மறந்துவிட்டது. முப்பத்தெட்டு வயதுவரை அவனுக்குப் பெண் அமையாமல் போனதும் அதனால்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்று அவன் சொன்னால் தொழுவத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பெண் எங்கே வந்து நிற்கும்?

கடைசியில் அமைந்தவள் தங்கபுஷ்பம். கீழமடைக்காரி, அதே மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற பகுதியில் வேலை. இரண்டு தம்பிகளுக்கும் கல்யாணம் முடித்துவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்கு முப்பத்துமூன்று வயதாகியிருந்தது, அவளுக்கும் இரைச்சலில் பேசிப் பேசித் தொண்டை அகன்றிருந்தது. சாப்பாட்டு மணியடித்து ஓரமாக நின்று இந்த இரண்டு பேரும் ரகசியம் பேசினால், எண்ணூறு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கல்யாணத்துக்கு வைகாசி இருபது என்று நாள் குறித்ததும் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது.

மில்லைக் கட்டியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்கள் ஊரில் டோர்லி என்று ஒரு ஆறு, அதன் கரை நெடுகத் தண்ணீரில் ஓடும் மில்கள், அதில் ஒரு மில்லுக்கு வார்த்த சக்கரத்தின் ஜோடியைத்தான் கப்பலேற்றித் தூத்துக்குடியில் இறக்கி, நாற்பது ஜோடி மாடு பூட்டி இழுத்துவந்து இங்கே நிறுத்தியிருந்தார்கள். ஜோடியைப் பிரித்தால் இப்படித்தான் ஆகும் என்று கீழமடையில் இரண்டே நாளில் காரணம் கண்டுபிடித்துவிட்டு, அதற்குமேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

ஆற்றுக்குப் பெயர் சொன்னவர் மானேஜர் கில்மோர் துரை. பதினொரு வருடமாக ஊருக்குப் போக லீவு கேட்டுக் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்தவர். சக்கரத்துக்குக் கீழே வந்து நின்று மூக்கை உறிஞ்சினார், பூட்ஸைக் கழற்றினார், கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஒரு கை அள்ளிக் குடித்தார். "கொம்பையா, இது டோர்லி. எங்க அம்மா இதிலேதான் துணி தொவைச்சாங்க" என்றார். அப்புறம் தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மறுநாள் லீவு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

சித்திரை பாதியில் அவருடைய தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. துரை அதைத் தமிழாக்கிச் சொன்னார், கொம்பையா அதை மில்லுக்கெல்லாம் சொன்னான், அதாவது சாதாரணமாகப் பேசினான். அங்கே மில்லுக்குக் கீழே ஆறு வெந்நீராக ஓடுகிறதாம். அதில் ஒருவகை நுரை மிதந்து வருகிறதாம், அதைத் தலையில் தேய்த்தால் முடி பட்டாகிறதாம். வாரத்துக்கு ஒருநாள் குளித்த ஊர் இப்போது தினம் இரண்டு வேளை குளிக்கிறது, பாதிரியார் இதைக் கண்டித்துப் பேசிவிட்டு அவரும் போய்க் குளித்துவிட்டு வருகிறார். இதுதவிர, கறுப்பாக, கொம்பு பின்னால் வளைந்த ஒரு பிராணி ஆற்றில் வந்து படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, அதற்கு மார்கரெட் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தாள். மேலமடையில் எருமையைக் காணாமல் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பூதத்தான் இதைக் கேட்டுவிட்டு, "பால் கறக்காளாமா?" என்றான். நாலு படி கறக்கிறாள் என்று தெரிந்ததும் அவன் மனசு ஆறிவிட்டது.

கீழமடை புது ஆற்றைப் புது மருமகளைப்போல முதல் வாரம் முழுக்கக் குறை சொல்லிவிட்டு, இரண்டாம் வாரத்திலிருந்து அது இல்லாமல் முடியாது என்று ஆகிப்போனது. தண்ணீரில் புகை வாசம் இருக்கிறது என்றவர்கள் அந்த வாசம் இல்லாவிட்டால் சோறு இறங்கவில்லை என்றார்கள். வெளுக்கிறவர்களுக்கு நீலம் போடாமலே வேட்டி வெளுத்தது. துள்ளுகிற மீனுக்குத் துள்ளுவாளை என்று பெயர் வைத்து, புளியும் மிளகாயும் அரைத்துவிட்டுக் குழம்பாக்கிப் பார்த்ததில் அதுவும் உள்ளூர் மீன்தான் என்று முடிவாயிற்று. ஆற்றங்கரை அம்மனுக்கு இந்தத் தண்ணீரில் அபிஷேகம் செய்த அன்று கற்சிலையின் தோளில் புல்லரித்திருந்ததாகப் பூசாரி சத்தியம் செய்தார், அன்றிலிருந்து அபிஷேகம் முடிந்ததும் அம்மனுக்கு மில் கம்பளி ஒன்று போர்த்தப்பட்டது. வெயில் கொளுத்தக் கொளுத்த மேலமடைக்காரர்களுக்குக் கீழமடையில் திடீர் திடீரென்று உறவுக்காரர்கள் முளைத்தார்கள். சும்மா பார்க்க வந்தேன் என்று தலையில் துண்டோடு வந்து, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, உதடு நீலம் பாரித்த பிறகுதான் ஊருக்குக் கிளம்பினார்கள்.

எல்லாருக்கும் நல்லதாகத்தான் இருந்தது, கொம்பையா ஒருவனைத் தவிர.

இந்த இரண்டு ஊருக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்குள்தான் பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் துறையில் ஒரு செம்பு, பெண் வீட்டார் தங்கள் துறையில் ஒரு செம்பு மொண்டுவந்து, ஒரே பானையில் ஊற்றி, நாட்டாமை எட்டிப் பார்த்து, "ஒரு தண்ணி" என்று சொன்னால்தான் மேளமே கொட்டும். அத்தனை வருடமாக நாட்டாமைகள் அதை உள்ளே பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலமடை நாட்டாமை ஆவுடையப்பன் இந்த வருடம் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே இரண்டு செம்பையும் வரவழைத்து, ஊற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏலே கொம்பையா, இது ரெண்டு தண்ணில்லா. வேத்து ஆத்துக்காரிய எப்படிலே கெட்டுவ?"

"அண்ணாச்சி, அவ ஆறு மாறினதுக்கு அவ என்ன செய்வா? அப்படின்னா நானும் அந்தத் தண்ணியவே குடிச்சிருதேன்."

"குடி. குடிச்சா நீயும் வேத்தாளு. மேலமடையில ஒனக்கு வீடு கெடையாது, கோயில்ல பங்கு கெடையாது, செத்தா தூக்க ஆளு கெடையாது. ஒரு சொட்டு தொண்டையில எறங்குனாலும் இதான் சட்டம், எவனா இருந்தாலும்." இதைச் சொன்ன ஆவுடையப்பன் அன்று காலைதான் டோர்லியில் குளித்துவிட்டு வந்திருந்தார். குளிப்பது குடிப்பதாகாது என்று அவர் தனியாக ஒரு தீர்ப்பு வைத்திருந்தார். ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேரும் அந்தத் தீர்ப்புப்படி வாயை இறுக மூடிக்கொண்டுதான் முங்குவார்கள்.

அப்புறம் அவர் குரலை இறக்கினார். "ஒரு வழி இருக்கு. சக்கரம் நின்னா ஆறு திரும்பிரும்லா?"

அது கொம்பையாவுக்கும் தெரியும். ஒருநாள் கால் மணிநேரம் நிறுத்திப் பார்த்திருந்தான். கீழே தண்ணீர் தெளிந்து வெதுவெதுப்பாகிவிட்டது, மீன்கள் வாயைப் பிளந்தன, பயந்துபோய் உடனே ஓட்டிவிட்டான். "குடோன்ல எண்ணெய் எஞ்சின் ஒண்ணு சும்மா கெடக்கு. சக்கரம் ஒடைஞ்சா தொரை அதை ஓட்டுவாரு, எவனுக்கும் வேலை போவாது. ஒத்தக் கடப்பாரை. பல்லுச் சக்கரத்துல நழுவிருச்சுன்னு சொல்லிரு" என்றார் நாட்டாமை.

கொம்பையா இரண்டு நாள் கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தடியில் நின்றான். பத்தொன்பது வருடமாகக் கிரீஸ் தடவிய சக்கரம். ஆனாலும் பெண் பெரிதா சக்கரம் பெரிதா என்று பார்த்தால் பெண்தான் பெரிது என்று மூன்றாம் நாள் முடிவுக்கு வந்து, அதை அவளிடம் சொல்லிவிட்டே செய்வோம் என்று ஷிப்ட் முடிந்து ஆற்றங்கரைக்குப் போனான். புஷ்பம் முழங்கால் தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவன் விஷயத்தைச் சொன்னான். அக்கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் வசதியாகத் திரும்பி நின்றார்கள்.

"கடப்பாரையக் கீழ போடுங்க அத்தான்."

"போட்டா கல்யாணம் நின்னுரும் புஷ்பம்."

"நிக்கட்டும்" என்றாள் அவள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "பதினேழு வருசம், நாளைக்குப் பத்து மணிநேரம், நின்னுக்கிட்டே வேலை பாத்த காலு இது. சாயங்காலம் ஆனா யாரு காலோ மாதிரி வீங்கிக் கெடக்கும். ராத்திரி பூரா செவுத்துல தூக்கி வச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன், யாருகிட்டயும் சொன்னது கெடையாது. இந்தத் தண்ணி வந்த பெறவுதான் என் காலு எனக்குத் திரும்பக் கெடைச்சிருக்கு. எனக்கு நீங்களும் வேணும், இந்த ஆறும் வேணும். ஒண்ணைக் கொன்னுட்டு ஒண்ணைக் கெட்டிக்கிட மாட்டேன்."

கொம்பையாவுக்குத் தன்னை நினைத்தே வெட்கமாகிவிட்டது. ஐந்து வருடமாகத் தினமும் அவளோடு பேசுகிறான், அவள் காலைப் பற்றி ஒருநாள் கேட்டதில்லை. கடப்பாரையைக் கரையில் வைத்தான். அப்போது புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் காதைப் பிடித்து இழுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவான குரலில் ஏதோ நீளமாகச் சொன்னாள். அக்கரைக்காரர்களுக்கு ஒரு எழுத்துக் கேட்கவில்லை. உண்மையில் கொம்பையாவுக்கும் கேட்கவில்லை, அவன் காதுக்கு அந்த அளவுச் சத்தம் பழக்கமில்லை. "பெரியவுகளைக் கூட்டிட்டு வாங்க" என்பதும், "நீங்க வாயத் தெறக்காதீங்க" என்பதும்தான் பிடிபட்டது. அது போதுமென்று தலையாட்டினான்.

பெண் வீட்டார் கடைசியாக ஒருமுறை பேச ஆசைப்படுகிறார்கள் என்று சொல்லி அனுப்ப, கத்திரி வெயில் உச்சத்தில், நடுப்பகலில், ஏழு பெரியவர்களும் ஒன்றரை மைல் நடந்து கீழமடைக்கு வந்தார்கள். மில்லின் பஞ்சுப்பொதிக் கொட்டகையில் பாய் விரித்திருந்தது. தகரக் கூரைக்குக் கீழே அவர்கள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, புஷ்பம் பெரிய பித்தளைத் தவலையில் நன்னாரி சர்பத்தோடு வந்தாள். எலுமிச்சம்பழம் மிதந்தது. டம்ளர் வெளிப்புறம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. கொம்பையா முதல் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான், அவனுக்கு அந்த நேரத்தில்தான் அவள் ஆற்றங்கரையில் சொன்னதன் மிச்சமும் புரிந்தது. புரிந்து, சொன்னபடி வாயை மூடிக்கொண்டான். அவன் குடித்ததைப் பார்த்து மற்றவர்களும் குடித்தார்கள். ஆவுடையப்பன் நாலு டம்ளர் குடித்தார், ஐந்தாவதை நெஞ்சில் வைத்து உருட்டிக்கொண்டார்.

"சர்பத்து எப்படி மாமா?" என்றாள் புஷ்பம்.

"அமிர்தம் தாயி. வயிறு குளுந்து போச்சு. சரி, விசயத்துக்கு வருவோம். பொண்ணு வேத்து ஆத்துக்காரின்னு..."

"அதுல எனக்கு ஒரு சந்தேகம் மாமா. டோர்லித் தண்ணி குடிச்சவ மேலமடைக்காரனுக்குப் பொண்டாட்டியா வர முடியாது, சரி. டோர்லித் தண்ணி குடிச்சவன் மேலமடைக்காரிக்குப் புருசனா இருக்கலாமா?"

ஏழு பேரும் ஏழு டம்ளரையும் பார்த்தார்கள், பிறகு தவலையைப் பார்த்தார்கள். ஒருவர் விரலைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார், குளிர்ச்சியாக இருந்ததைத் திருப்பிக் கொடுக்கத் தொண்டைக்கு மனமில்லை. "இதை வெளிய சொல்லக் கூடாது" என்று ஆவுடையப்பன் எழுந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளை இத்துடன் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்ட கொம்பையா, "நீங்க ஏழு பேரும் டோர்லித் தண்ணி குடிச்சத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி" என்றான். அது மேலமடை வரைக்கும் கேட்டது.

அவர்கள் ஊர் எல்லையை அடையும் முன்பே வீடுகளின் கதவு சாத்தப்பட்டிருந்தது. நாட்டாமையின் மனைவி சங்கரவடிவு ஜன்னல் வழியாகப் பேசினாள். "எந்த ஆத்துத் தண்ணி குடிச்சீரு?"

"வடிவு, தெரியாமக் குடிச்சதுடி."

"ஒரு சொட்டு எறங்குனாலும் வேத்தாளு, எவனா இருந்தாலும். நீரு சொன்ன சட்டம்தான். நான் மானமுள்ள குடும்பத்துல பெறந்தவ. முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைய வீட்டுக்குள்ள விட மாட்டேன்." அப்படியே ஏழு வீட்டு ஜன்னலும் பேசின.

ஏழு பேரும் திரும்பி நடந்து பொதிக் கொட்டகைக்கே வந்தார்கள். குடித்த எட்டாவது ஆளாகக் கொம்பையாவும் கூட வந்தான், ஆனால் அவன் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தான். மூன்று நாள் பஞ்சுப் பொதிமேல் படுத்தார்கள், மூன்று நாள் புஷ்பம் கஞ்சியும் துள்ளுவாளைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள், மூன்று நாளில் அவர்கள் மீசை புருவம் எல்லாம் பஞ்சு பிடித்து ஏழு பேரும் நூறு வயதுக் கிழவர்கள் ஆனார்கள். மேலமடையில் பெண்கள் மூன்று நாளும் நிம்மதியாகத் தூங்கினார்கள், இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று சிலர் அபிப்பிராயப்பட்டார்கள். நாலாம் நாள் ஆவுடையப்பன், சட்டத்தை எடுத்துவிடுகிறேன், இனி எந்த ஆற்றுத் தண்ணீரும் ஒரு தண்ணீர்தான், கொம்பையா தாராளமாகக் கல்யாணம் பண்ணிக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

சங்கரவடிவு சொல்லி அனுப்பிய பதில் இது: வாய்ச்சொல்லால் எடுத்தால் வாய்ச்சொல்லால் மறுபடி வரும். நாங்களும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறோம், அப்போதுதான் தீரும். ஆனால் நாங்கள் இறங்கி வர மாட்டோம். அவரவர் புருஷன் அவரவர் இடுப்பில் குடம் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

அந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளை குடம் எடுத்துத் தண்ணீர் சுமந்தது கிடையாது. சுமந்தவனைப் பார்த்தவர்களும் கிடையாது. அன்று காலை மில் வாசலில் எண்ணூறு பேரும் நின்றார்கள், கில்மோர் துரை சங்கு ஊத மறந்து படியில் நின்றார், ஏழு பெரியவர்களும் ஆளுக்கொரு பித்தளைக் குடத்தில் டோர்லியை மொண்டு இடுப்பில் வைக்கப் பார்த்தார்கள். இடுப்பு இடம் கொடுக்கவில்லை. குடம் நழுவியது, வேட்டி நனைந்தது, ஒருவருடைய குடம் உருண்டு ஆற்றுக்கே போய்விட்டது. புஷ்பம் இறங்கிவந்து இடுப்பை எப்படி ஒடிப்பது, கையை எப்படி வளைப்பது என்று காட்டிக் கொடுத்தாள். அப்புறம் புறப்பட்டார்கள். ஒன்றரை மைல் ஏற்றம், ஏழு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார்கள். இதைச் சிரித்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்த ஜனம் பாதி வழியில் சிரிப்பை நிறுத்திவிட்டது, ஏனென்றால் ஆவுடையப்பனுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் குடத்தைக் கீழே வைக்கவோ வேறொருவர் கையில் கொடுக்கவோ அவர் சம்மதிக்கவில்லை.

கொம்பையாவும் ஒரு குடத்தோடு பின்னால் போனான். அவனைக் கொண்டுவரச் சொல்ல வீட்டில் இன்னும் யாரும் இல்லை. இருந்தாலும் பழகிக்கொள்வோம் என்று நினைத்தான்.

நாட்டாமை வீட்டு வாசலில் ஊரே கூடியது. சங்கரவடிவு கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவர் செம்பில் ஊற்றிக் கொடுத்தார். அவள் அண்ணாந்து குடித்தாள். பல் கூசி, உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. செம்பை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்திரண்டு வருசம்" என்றாள். "நீரு என் கையில எடுத்துக் குடுத்த மொதத் தண்ணி இது."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் ஒவ்வொரு மனைவியும் பக்கத்தில் நின்ற தன் புருஷனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், ஒவ்வொரு புருஷனும் வேறெங்கோ பார்த்தான்.

வைகாசி இருபது அன்று கல்யாணம் நடந்தது. பானையில் இரண்டு செம்பையும் ஊற்றினார்கள், நாட்டாமை எட்டிப் பார்க்காமலே "ஒரு தண்ணி" என்று சொன்னார், மேளம் கொட்டியது. விருந்துக்கு ஏழு அண்டா டோர்லித் தண்ணீர் தேவைப்பட்டது. கீழமடையிலிருந்து மேலமடை வரைக்கும் ஒன்றரை மைலுக்கும் இடுப்பில் குடத்தோடு ஆண்பிள்ளைகள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். மணவறையில் உட்கார்ந்திருந்த கொம்பையா தாலி கட்டின கையோடு எழுந்து, ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு, மாலையோடு போய் அந்த வரிசையில் கடைசி ஆளாக நின்றான்.